புதிய பாடமும் பழைய சம்பளமும்

(ஜூபிலி விழாவையொட்டி முத்தாண்டிக்குப்பத்தில் நடந்த ஆசிரியர், பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழா நாளில் ஆசிரியருக்குப் பொன்னாடை போர்த்துவது நம் வழக்கம். இன்று பொன்னாடையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டிய கணக்கைப் பார்ப்போம்.

நெய்வேலிச் சுரங்கத்து வேலையை நாம் அறிவோம். பழுப்பு நிலக்கரி மேலே கிடப்பதில்லை. முதலில் மேல்மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டும். அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகுதான் கரி கண்ணில் படும். மண் வெட்டுகிற நாளில் கரி வரவில்லையே என்று தொழிலாளியின் சம்பளத்தை யாரும் பிடிப்பதில்லை. குறித்த நேரத்திற்கு மேல் உழைத்தால் இரட்டை ஊதியம் என்று 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் எழுதி வைத்தது.

ஆசிரியர் வேலைக்கும் மேல்மண் உண்டு. வகுப்பில் அவர் நிற்கும் நாற்பது நிமிடம் நமக்குத் தெரிகிறது. முந்தின இரவு படித்தது, குறிப்பு எழுதியது, அட்டை வெட்டியது, நோட்டுத் திருத்தியது நமக்குத் தெரிவதில்லை. பாடத்திட்டம் மாறுகிற ஆண்டில் அந்த மண் மலைபோல் குவிகிறது.

சென்ற சில ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். 2010இல் 1, 6 ஆகிய வகுப்புகளில் சமச்சீர்க் கல்வி தொடங்கியது. மற்ற வகுப்புகளுக்கு வழக்கு நடந்து, 2011 ஆகஸ்டு 9 அன்றுதான் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பள்ளி திறந்து வாரங்கள் பல கடந்த பிறகே பாடம் எதுவென்று முடிவாயிற்று. அதே கல்வியாண்டில், டிசம்பர் 30 அன்று, தானே புயல் நம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. கூரை பறந்த வீட்டுப் பிள்ளைகளையும் புதிய புத்தகத்தோடு பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு அழைத்துச் சென்றவர்கள் யார்? நம் ஆசிரியர்களே. 2018இல் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு மீண்டும் புதுப் புத்தகம். மறு ஆண்டு மற்ற வகுப்புகளுக்கு. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என ஒரே அறையில் மூன்று நிலைகள்.

இந்த மாற்றங்களை நாம் எதிர்க்கவில்லை. முந்திரி பொறுக்கும் தாயின் பிள்ளை பட்டணத்துப் பிள்ளையின் புத்தகத்தையே படிப்பது நீதி. ஆனால் அந்த நீதிக்கான உழைப்பை ஒருவர் தலையில் மட்டும் இலவசமாக ஏற்றலாமா?

ஆசிரியரின் வேலை நேரத்தைக் குறிக்கும்போது, பாடம் தயாரிக்கவும் திருத்தவும் ஆகும் நேரத்தையும் கருத வேண்டும் என்று யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் 1966ஆம் ஆண்டுப் பரிந்துரையிலேயே சொல்லின. நம் நாட்டுக் கல்வி உரிமைச் சட்டம், 2009, வாரத்திற்கு 45 மணி நேரம் என்று சொல்லும்போது தயாரிப்பு நேரத்தையும் அதற்குள்ளே சேர்த்தது. ஆக, தயாரிப்பும் வேலையே.

சம்பளத்தைப் பாருங்கள். 2009 ஜூன் 1 முதல் பணியில் சேர்ந்த அரசுப் பள்ளி இடைநிலை ஆசிரியர்களுக்கு, முன்பு சேர்ந்தவர்களைவிட 3,170 ரூபாய் குறைவாக அடிப்படை ஊதியம் குறிக்கப்பட்டது. வகுப்பும் ஒன்று, புத்தகமும் ஒன்று, ஊதியம் மட்டும் இரண்டு. 2022 டிசம்பரில் அவர்கள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்ததை நாம் செய்தியில் கண்டோம். அரசைக் குறை சொன்னோம்.

ஆனால் முதலில் நம் வாசலைப் பெருக்குவோம். உதவி பெறும் பள்ளிகளில் அனுமதி பெற்ற இடங்களுக்கு அரசு சம்பளம் தருகிறது. மற்றவர்களுக்கு நிர்வாகம் தருகிறது. நாம் முன்பு பொறுப்பேற்றிருந்த ஒரு பள்ளியில், புதிய பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் வந்த 2018இல், நிர்வாகச் சம்பளம் பெற்ற ஓர் ஆசிரியை நம்மிடம் வந்தார். சம்பள உயர்வு கேட்கவில்லை. “ஃபாதர், வாரத்தில் இரண்டு பீரியட் குறைத்துக் கொடுங்கள், புத்தகத்தை நான் முதலில் படிக்க வேண்டும்” என்றார். “அடுத்த வருஷம் பார்ப்போம், டீச்சர்” என்றோம். ஆசிரியர் தினத்தில் பொன்னாடை போர்த்தினோம். அடுத்த வருஷம் அவர் இல்லை. துணிக்கடைக் கணக்கு வேலைக்குப் போய்விட்டார். அங்கே சம்பளம் கூடுதலாம்.

“ஒப்புக்கொண்டுதானே சேர்ந்தார்கள்?” என்று நாம் சொல்வதுண்டு. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் இந்தச் சாக்கை ஏற்கவில்லை. தேவைக்கு அஞ்சிக் குறைந்த கூலிக்கு ஒருவன் இசைந்தாலும், அவன் பிழைக்கப் போதாத கூலி நீதியாகாது என்பது அவர் போதனை.

ஆதலால் மூன்று காரியங்களை இந்த ஜூபிலி ஆண்டிலே தொடங்குவோம். பாடம் மாறும் ஆண்டில் அந்தப் பாட ஆசிரியருக்கு வாரத்தில் இரண்டு பீரியடாவது தயாரிப்புக்கென்று விடுவோம். அட்டை, ஜெராக்ஸ் செலவை அவர் கைப்பையிலிருந்து எடுக்க விடாமல் பள்ளியே ஏற்கட்டும். நிர்வாக ஆசிரியருக்கு மே மாதமும் சேர்த்துப் பன்னிரண்டு மாதச் சம்பளம் கொடுப்போம். அதையும் ஆண்டுதோறும் உயர்த்துவோம்.

பணத்துக்கு எங்கே போவது? ஏழைப் பெற்றோரிடம் கட்டணம் கூட்டுவது வழியல்ல. விழாவுக்குச் சேர்த்த நிதியில் மின்விளக்கு அலங்காரத்திற்கும் வாணவேடிக்கைக்கும் ஒதுக்கியதில் பாதியை முதல் தவணையாக வைப்போம். கோபுரம் சற்று மங்கலாகத் தெரிந்தால் ஆண்டவர் கோபிக்கமாட்டார்.

லேவியர் நூலில் ஜூபிலி என்பது, கைமாறிப்போன நிலம் உரியவரிடம் திரும்பிச் சேரும் ஆண்டு. ஆசிரியருக்குச் சேர வேண்டியதை அவரிடம் திருப்பிச் சேர்ப்போம். பிறகு பொன்னாடை போர்த்துவோம். அப்போது அவர் தோளுக்கு அது பாரமாயிராது.