எழுப்பப்படாத ஆட்சேபணை

தலைமை உரை நீண்டால் முதல் கட்டுரையாளரின் நேரம்தான் போகும். நானும் அப்படிப் பறிகொடுத்தவன், ஆகவே சுருக்கிக்கொள்கிறேன்.

விசாரணையில் தவறு நடந்ததைக் காட்டிவிட்டால் தண்டனை உடைந்துவிடும் என்று நம்பித்தான் கட்சிக்காரர் அப்பீலுக்கு வருகிறார். ஒரு காலத்தில் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இருந்தது. சென்னையிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன சுப்பிரமணிய அய்யர் வழக்கு, 1901. ஓராண்டுக்குள் நடந்த ஒரே வகைக் குற்றங்கள் மூன்றை மட்டுமே சேர்த்து விசாரிக்கலாம் என்பது அன்றைய சட்டம். அவர்மீதோ இரண்டாண்டுகளில் பரவிக் கிடந்த 41 செயல்களை ஒரே விசாரணையில் அடுக்கிவிட்டார்கள். சட்டமே தடுத்ததைச் செய்துவிட்டு முறைகேடு என்று பூசிமெழுக முடியாது என்று சொல்லிக் கவுன்சில் தண்டனையை ரத்து செய்தது.

அந்தக் கண்டிப்பு நிலைக்கவில்லை. 1955இல் வில்லி ஸ்லேனி வழக்கில், குற்றச்சாட்டு வனைவதில் பிழை இருந்தாலும் எதிரிக்கு அதனால் பாதகம் நேர்ந்ததா என்பதையே பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். நியாயமான பேச்சுதான், எழுத்துப்பிழைக்காகக் கொலைகாரனை விட முடியுமா? ஆனால் பாதகத்தை எடுத்துக்காட்டும் சுமை யார் தலையில் விழுகிறது? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 465, இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 511, ஒரு படி மேலே போகிறது. இந்த ஆட்சேபணையை முன்பே எழுப்பியிருக்க முடியாதா, எழுப்பியிருக்க வேண்டாமா என்பதையும் மேல்முறையீட்டு நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது.

என் மனத்தை உறுத்துவது இந்த வரிதான். வக்கீலே இல்லாதவன் எப்போது எழுப்புவான்?

1997 டிசம்பரில் தில்லியில் ஒரு பேருந்தில் குண்டு வெடித்து நால்வர் இறந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் பாகிஸ்தானியர். சாட்சிகளில் பெரும்பாலோர் சாட்சியம் சொன்னபோது அவர் பக்கம் வக்கீல் இல்லை. குறுக்கு விசாரணையும் இல்லை. மரண தண்டனை. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் தண்டனை நிற்காது என்பதில் ஒத்துப்போனார்கள். மறுவிசாரணை வேண்டுமா என்பதில் பிரிந்தார்கள். ஆகஸ்டில் மூவர் அமர்வு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. பதினைந்து ஆண்டு கழித்து அதே சாட்சிகளுக்கு என்ன நினைவிருக்கும்? பிழை செய்தது நீதிமன்றம். அதைத் திருத்தக் காத்துக் கிடப்பவன் கைதி. அந்த அமர்வின் முடிவை நான் குறை சொல்லவில்லை, நால்வர் உயிரும் கணக்கில் உண்டு. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

இத்தனைக்கும், அங்கே வக்கீல் இல்லாதது வழக்குக் கட்டில் பதிவாகியிருந்தது. பதிவாகாத பிழைகளை என்ன செய்வது? எதிரியிடம் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள், பழைய 313, இப்போது 351. பத்துச் சாட்சியத்தை ஒரே கேள்வியில் மூட்டை கட்டுகிறோம். எதிரே "பொய்" என்று ஒரே சொல். தீர்ப்பைப் படித்தால் முறைப்படி வாய்ப்பு தரப்பட்டதாகவே தோன்றும். கட்டைப் புரட்டினால்தான் தெரியும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த இரண்டு நாளும் தீர்ப்புகளை மட்டும் மேற்கோள் காட்டாதீர்கள். சாட்சிய நகல்களையும் மேசைக்குக் கொண்டு வாருங்கள். முதல் அமர்வே இந்த 351 பற்றியது. கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.