பாக்கிலுள்ள செம்பும் வாய்ப்புற்றும்

(தோட்டத் தாய்மார் கூட்டமொன்றில் ஆற்றிய சுகாதார உரை)



செம்பு என்றதும் குடமும் கம்பியும்தான் ஞாபகம் வரும். ஆனால் நம் உடம்புக்கும் துளியளவு செம்பு வேண்டும். பருப்பிலும் தானியத்திலும் அது போதுமான அளவு இருக்கிறது. நாங்கள் இன்று பேச வந்தது, கொழுந்து மலையில் நீங்கள் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பாக்கில் உள்ள செம்பைப் பற்றி.

பாக்கில் செம்பு அதிகம். மென்ற சில நிமிஷத்திலேயே எச்சிலில் கலந்துவிடும். உடம்பிலுள்ள நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் வேலைக்குச் செம்பு தேவை. நாள் முழுக்கப் பாக்கு கிடக்கும் கன்னத்தில் அந்த வேலை அளவு மீறிப்போகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். பாக்கிலுள்ள அரிகொலின் என்ற பொருளும் சேர்ந்து நாரைப் பெருக்குகிறது. முதலில் சம்பல் பட்டாலே வாய் எரியும். பிறகு கன்னத்தின் உட்பக்கம் வெளுத்துப் பட்டை பட்டையாக இறுகும். கடைசியில் சோற்றுக் கவளம் போகிற அளவுக்குக்கூட வாய் திறக்காது. இப்படி இறுகிய வாயில் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம்.

“நாங்க பொயிலை போடுறதில்லையே, வெறும் வெத்தில பாக்குதானே!” என்று பலர் சொல்கிறீர்கள். பொயிலை சேர்ந்தால் மோசம்தான். ஆனால் பொயிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

சத்து மாத்திரை போட்டுச் சமாளிக்கலாமா? அமெரிக்காவில் 2001 முதல் 35,000க்கு மேற்பட்ட ஆண்களைச் சேர்த்து, செலீனியம் என்ற தாது மாத்திரை புரொஸ்டேட் புற்றைத் தடுக்குமா என்று பார்த்தார்கள். தடுக்கவில்லை. 2008இல் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். இரும்புச் சத்து வேறு கதை. இரத்தம் குறைந்தவர்களின் வாய்த்தோல் மெலிந்துபோகும். கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. (நாம் பறிக்கிற கொழுந்துதான், என்ன செய்வது!)

குளிருக்கும் பசிக்கும் வெத்திலைதான் துணை என்பது எங்களுக்குத் தெரியும். நாளைக்கே விடுங்கள் என்றால் நடக்காது. பாக்கை அடக்கிக்கொண்டு தூங்குவதை முதலில் நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொரு வாயாகக் குறையுங்கள்.

உங்கள் மூன்று விரலைச் சேர்த்து, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். போகவில்லையா? வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருக்கிறதா? இரண்டு கிழமையாகியும் புண் ஆறவில்லையா? தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, அரசாங்க ஆஸ்பத்திரி பல் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். அங்கே காசு கேட்கமாட்டார்கள். அரைப்பேர் போகுமே, வலியும் இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். ஆரம்பத்தில் இது வலிக்காது.