முதியோர் முதுகு வளைவும் சத்திரசிகிச்சையும்

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலே, 1950ஆம் ஆண்டுகளில், போல் ஹரிங்டன் என்னும் சத்திர வைத்தியர், இளம்பிள்ளை வாதத்தால் முதுகு வளைந்த சிறுவர்க்கு உருக்குக் கோலொன்றைக் கொளுவி முள்ளந்தண்டை நிமிர்த்தினார். 1962இல் அவர் வெளியிட்ட அம்முறை உலகெங்கும் பரவிற்று. ஆயினும், பக்கவளைவை இழுத்து நேராக்கிய கோல் இடுப்புவரை நீண்டவிடத்து, அங்கு இயல்பாயுள்ள உட்குழிவையும் தட்டையாக்கிற்று. அச்சிகிச்சை பெற்றோருட் சிலர் நடுவயதெய்தியபோது, நிமிர்ந்து நிற்க இயலாது முன்னே சாய்ந்தனர். மீண்டும் சத்திரசிகிச்சையை நாடினர். முதுகை நேராக்குதல் வேறு, உடலின் சமநிலையைக் காத்தல் வேறு என்பதை வைத்திய உலகம் அவர்களிடமிருந்தே கற்றது.

சிறுவரின் முள்ளந்தண்டு நெகிழுந் தன்மையது; முதியோருடையதோ விறைத்தது. ஆதலின் என்பை ஆப்பு வடிவில் வெட்டி நீக்கவும் சிலவேளை நேரிடும். சிகிச்சை பல மணிநேரம் நீடிக்கும், குருதி பெருகும், நரம்பு ஊறுபடலாம், புண்ணிற் கிருமி தொற்றலாம். மிகச் சிக்கலான வளைவுடையோரைப் பற்றி 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், வைத்தியசாலையை விட்டு நீங்குங்கால் ஐவரில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோர்க்குக் கால்வலு முன்னிலும் குறைந்திருந்தது. ஆறு மாதங்களில் அத்தொகை ஏறக்குறையப் பத்தில் ஒருவராயிற்று. காலஞ் சென்றபின், என்புகள் ஒட்டாதவிடத்துக் கோல் முறிவதும், கோல் முடியுமிடத்துக்கு மேலே புதிய கூன் தோன்றுவதும் உண்டு.

இவ்விடையூறுகள் எல்லோர்க்கும் ஒரேயளவாக நேர்வதில்லை. முதுமையையும் முன்செய்த சத்திரசிகிச்சையையும் மாற்றவியலாது. ஆனால், புகைத்தல் என்புகள் ஒட்டுவதைத் தடுக்கும். நலிந்த என்பிலே திருகாணி தளரும். கட்டுக்கடங்காத நீரிழிவும் போசணைக் குறைவும் கிருமித் தொற்றுக்கு இடந்தரும். இவை முன்கூட்டியே திருத்தக்கூடியவை. ஆகவே, அவசரமில்லாத வேளையில், சத்திரசிகிச்சைக்கு முன்னர் ஆயத்தஞ் செய்யச் சில மாதங்கள் செல்லினும், அவை வீணான மாதங்கள் அல்ல.

இவற்றைக் கேட்டு அஞ்சி, முதியோர்க்கு இச்சிகிச்சையே ஆகாது என்று முடிவு செய்தலும் தவறாகும். அவர்க்கு இடையூறு மிகுதியெனினும், வலி தணிந்து மீண்டும் நடமாடும்போது அவர் பெறும் பயனும் பெரிதென ஆய்வுகள் காட்டியுள்ளன. வளைவு எத்தனை பாகை என்பதை மட்டும் நோயாளி கேட்டறிதல் போதாது. தமது உடல்நிலையில் எந்த இடையூறு நேரக்கூடும், அதனைக் குறைக்க இன்றே எதைத் தொடங்கலாம் என்பதையும் அவர் வைத்தியரிடம் வினவுதல் வேண்டும்.