மருந்து மூன்றாவதாகத்தான் வரும்

(நமது குடியிருப்பின் மூத்தோர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"திபெத்திய மருத்துவமும் நம்ம சித்த வைத்தியம் மாதிரிதானா?" என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். அதனால் இன்று மைக் என் கையில்.

அதன் பெயர் சோவா ரிக்பா. அடிப்படை நூல் 'கியூஷி': நான்கு பகுதிகள், 156 அத்தியாயங்கள். 1916-இல் லாசாவில் தொடங்கிய மென்-சீ-காங் நிறுவனம் 1961-இல் தரம்சாலாவில் மீண்டும் நிறுவப்பட்டது. 2010-இல் இந்தியா இந்த மருத்துவத்தைச் சட்டப்படி அங்கீகரித்தது.

உடம்பை நடத்துபவை லுங், திரிபா, பேகன் என்ற மூன்று. கிட்டத்தட்ட நம் வாதம், பித்தம், கபம்தான். மூன்றும் அளவோடு இருந்தால் ஆரோக்கியம், ஒன்று மிஞ்சினாலோ குறைந்தாலோ நோய். அதற்கும் ஒரு படி பின்னே போகிறார்கள்: பற்று லுங்கைக் கலைக்கும், கோபம் திரிபாவை, அறியாமை பேகனை.

நாடி பார்ப்பது நமக்குப் புதிதல்ல. காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, குச்சியால் கலக்கி, நிறம், ஆவி, நுரை பார்ப்பார்கள். தண்ணீர் போலத் தெளிந்து பெரிய பெரிய குமிழி வந்தால் லுங் கோளாறு. நம் சித்தத்திலும் நீர்க்குறி உண்டே!

இந்த லுங்தான் என்னை யோசிக்க வைத்தது. பட்டினி, தூக்கமின்மை, அழுகை, கவலை, வெறும் வயிற்றில் ஓயாத பேச்சு, இவையெல்லாம் அதைக் கிளப்பிவிடுமாம். சிகிச்சைக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் உணவு, அடுத்து நடத்தை, மூன்றாவதுதான் மருந்து, கடைசியில் ஒத்தடம், சூடு போடுதல் போன்றவை. லுங்குக்கு உணவு, எலும்பு சூப் போலச் சூடான, எண்ணெய்ப் பசையுள்ள சாப்பாடு (சைவர்கள் மன்னிக்கவும்). நடத்தை என்ன தெரியுமா? கதகதப்பான இடத்தில், மனதுக்குப் பிடித்தவர்களோடு இருப்பது. பேச்சுத் துணையையே மருத்துவ நூலில் எழுதி வைத்திருக்கிறார்கள்!

நம் கட்டடத்தில் எத்தனை வீட்டில் ஒரே ஆள், ஒரே தட்டு? என் வீட்டிலும் அப்படித்தான், நான்கு வருஷமாக. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் தூக்க மாத்திரை டப்பாவைத்தான் தேடியிருக்கிறேன்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இதைக் கேட்டுவிட்டு யாரும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள். 'ரின்சென்' எனப்படும் விலையுயர்ந்த திபெத்திய மாத்திரைகள் சிலவற்றில் பக்குவம் செய்த பாதரசம் சேர்கிறது. உங்கள் டாக்டரிடம் கேட்காமல் தபாலில் வரவழைக்க வேண்டாம்.

சூப்புக்குப் பதில் மிளகு ரசம் ஆகுமா என்று கேட்டால், அது எந்த நூலிலும் இல்லை. ஆனால் மாலை ஐந்தரைக்கு பி பிளாக் கீழே நான் உட்கார்ந்திருப்பேன், ஃபிளாஸ்கில் ரசம் இருக்கும். டம்ளரை மட்டும் அவரவர் கொண்டுவாருங்கள்.