வருஷத்துக்கு ரெண்டு ஊசி: நம்ம மக்களுக்கு எப்போ?

உலக எய்ட்ஸ் தினக் கூட்டத்தில் நமது தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம் 👇



நான் மெக்கானிக்கல் படிச்சவன். எச்.ஐ.வி. பத்திப் பேசப் போறேன்னதும் நண்பன் ஒருத்தன் சிரிச்சான். "வேற தலைப்பே கிடைக்கலையா மச்சி?"ன்னான். இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் பலர் பரிசோதனைக்கே போறதில்லை. அதனாலயே பேசணும்னு முடிவு பண்ணேன்.

லெனகாபவிர்னு ஒரு மருந்து வந்திருக்கு. தொற்று இல்லாதவங்க ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கிட்டா, எச்.ஐ.வி. வராமல் தடுக்கும். தென்னாப்பிரிக்கா, உகாண்டாவில் நடந்த ஆய்வில் இந்த ஊசி போட்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதித்தது. ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

தடுப்பு மாத்திரை ஏற்கெனவே இருக்கே என்று கேட்கலாம். இருக்கு. ஆனா தினமும் போடணும். நாலு பேரோட ஒரே அறையில் தங்கியிருக்கிற திருநங்கை அந்த டப்பாவை எங்கே ஒளிச்சு வைப்பாங்க? பாலியல் தொழில் செய்யும் அக்கா வீட்டில் என்ன பதில் சொல்வாங்க? ஊசிக்கு அந்தக் கவலை இல்லை.

இப்போ கணக்குக்கு வருவோம். அமெரிக்காவில் ஒருவருக்கு ஒரு வருஷத்துக்கு 28,218 டாலர். நம்ம காசில் சுமார் 25 லட்சம்! அதே மருந்தை 2027 முதல் 40 டாலருக்கு, அதாவது சுமார் 3,500 ரூபாய்க்குத் தர டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டரோவும் முன்வந்திருக்கு. ரெண்டுமே நம்ம ஹைதராபாத் கம்பெனிகள். உரிமம் உள்ள 120 நாடுகளில் இந்தியாவும் உண்டு.

நம்ம நாட்டுக் கம்பெனி செய்யுற மருந்து நம்ம அரசு மருத்துவமனைக்கு வர எத்தனை வருஷம் ஆகணும்?

நாட்டிலேயே முதன்முதலில் எச்.ஐ.வி.யைக் கண்டறிந்தது 1986இல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழு. 2004இல் கூட்டு மருந்து சிகிச்சையை அரசு இலவசமாக்கியது. அதனால் எத்தனையோ உயிர் பிழைச்சது. சிகிச்சையை இலவசமாத் தந்த நாடு, தடுப்பையும் தரலாம்.

நம் கோரிக்கை மூன்று. ஒன்று, இந்த ஊசியை தேசியத் திட்டத்தில் சேர்த்து இலவசமாக்கணும். இரண்டு, நம்பிக்கை மையங்களிலேயே கிடைக்கணும். மூன்று, வர்றவங்களை "நீ யாரு, என்ன தொழில்?"னு கூனிக்குறுக வைக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடுறேன். ஊசிக்கு முன்னாடி பரிசோதனை கட்டாயம். மற்ற பால்வினை நோய்களை இது தடுக்காது. ஆணுறை எப்பவும் வேணும். சந்தேகம் இருந்தா 1097க்கு இலவசமா அழைக்கலாம்.

அடுத்த தடவை இந்தப் பேச்சு வரும்போது யாராவது சிரிச்சா, கூடச் சேர்ந்து சிரிக்காதீங்க. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இந்த ஊசி தேவைப்படலாம்.



#தடுப்பு_மருந்து_நம்_உரிமை #உலக_எய்ட்ஸ்_தினம்