மரக்கவி சுகதகுமாரி



'மரக்கவி' என்பது மலையாளத்தில் ஏளனமாகப் பிறந்த சொல். உணர்ச்சியற்றவனை 'மரம்' என்று இகழ்வது நம் மொழியிலும் உண்டன்றோ! காடுகளுக்காகப் பரிந்து பேசிய கவிஞர்களை அப்பெயரால் நகைத்தனர். அந்நகைப்பை முன்னின்று தாங்கியவர் சுகதகுமாரி அம்மையார்.

1934இல் பிறந்தவர். தந்தையார் போதேஸ்வரன் கவிஞர், விடுதலைப் போராட்ட வீரர். தாயார் கார்த்தியாயினி அம்மாள் வடமொழிப் புலமை மிக்கவர். மெய்யியலில் முதுகலை பயின்ற அம்மையாரை 1970களின் பிற்பகுதியில் அமைதிப் பள்ளத்தாக்கு அழைத்தது.

பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழை பாயும் மழைக்காடு அது, சோலைமந்திகளின் உறைவிடம். ஆற்றின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்க மாநில மின்வாரியம் முனைந்தது. 800 ஹெக்டேருக்கு மேற்பட்ட காடு நீரில் மூழ்கும் நிலை. குரங்குக்காக மனிதரின் விளக்கை அணைப்பதா என்று வினவினர். மலபார்ப் பகுதிக்கு மின்சாரமும் தொழிலும் தேவைப்பட்டன என்பதும் மெய்யே; ஆகவே அவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தினர் ஆய்வும் கணக்கும் கொண்டு மறுமொழி கூறினர். கணக்கு புகாத நெஞ்சங்களில் அம்மையாரின் 'மரத்தினு ஸ்துதி' புகுந்தது. போராட்டக் கூட்டங்கள் பல அப்பாடலுடனேயே தொடங்கின. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. மறு ஆண்டு அக்காடு தேசியப் பூங்காவாயிற்று.

பலர் அவர் வரலாற்றை இவ்வெற்றியோடு முடித்துவிடுவர். அதன்பின் அட்டப்பாடியில் அவர் செய்ததே அரிது என்பது என் துணிபு. நீலகிரியில் தோன்றும் பவானி அம்மலைநாட்டினுள் புகுந்து மீண்டும் நம் கொங்கு மண்ணுக்கு வருகிறது. அங்கே மரம் இழந்து வறண்ட சரிவில் 'கிருஷ்ணவனம்' என்னும் காட்டை வளர்க்க அவர் முற்பட்டார். நிற்கும் காட்டைக் காக்க, வெட்டாதீர் என்று உரத்துச் சொல்லலாம். அழிந்த காட்டை மீட்கவோ குழி தோண்டி, கன்று நட்டு, ஆடு மேயாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருத்தல் வேண்டும். ஓரறிவுயிர் என்று மரத்தை வகுத்துணர்ந்த மரபினராகிய நமக்கு இவ்வேறுபாடு விளங்கும்.

ஆதரவற்ற பெண்டிர்க்கும் மனநோயுற்றோர்க்கும் 'அபயா' என்னும் புகலிடம் அமைத்ததும் இவ்வருளின் மற்றொரு கிளையே. எண்பதை நெருங்கிய அகவையிலும், ஆறன்முளையில் வயல்களை நிரப்பி விமான நிலையம் அமைக்கும் முயற்சியை எதிர்த்து நின்றார்.

2020 டிசம்பர் 23ஆம் நாள் கொரோனாவால் மறைந்தார். தமக்கு மலர்வளையமோ நினைவுச்சின்னமோ வேண்டா, ஓர் ஆலமரம் நட்டால் போதும் என்று முன்னரே சொல்லி வைத்திருந்தார்.