ஈகியர் உருவும் ஏழையர் பரணும்
(செட்டிகுளத்தில் ஆற்றப்பெற்ற உரை)



இவ்வூர்க் குன்றின்மேல் கரும்பேந்தி நிற்கும் முருகன் திருவுருவைச் செட்டிகுளத்துச் சிறுகுழந்தையும் அறியும். முன்னாளில் இவ்வூர் அடங்கியிருந்த மாவட்டத்தின் தலைநகர் திருச்சிராப்பள்ளி. அந்நகரில் தமிழுக்கும் குமுகாய விடுதலைக்கும் நின்றாருடைய உருவங்களை எத்துணைப் பேர் அறிவர்?

1938-இல் ஆச்சாரியார் அமைச்சவை பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிற்று. அதனை எதிர்த்து 1-8-1938 அன்று உறையூரினின்று புறப்பட்டது தமிழர் பெரும்படை. நடந்தே சென்று செப்தம்பர் 11-இல் சென்னை சேர்ந்தது. அப்படையில் நடந்த ஒரே பெண்மணி மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். பொட்டுக்கட்டும் வழக்கத்தின் கொடுமையை இளமையிலேயே பட்டறிந்தவர். அதனைத் தாக்கி 1936-இல் புதினம் எழுதியவர். அவ்வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் 1947-இல்தான் வந்தது. மொழிப்போர் வேறு, பெண்விடுதலை வேறு என்று பிரித்துப் பேசும் புலமையாளர் அவ்வம்மையாரின் கால்களைக் கேட்கட்டும்!

அப்போரில் சிறைப்பட்டு 15-1-1939 அன்று உயிர்நீத்த நடராசன், ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்த இளைஞர். இரண்டு திங்களில் குடந்தைத் தாளமுத்துவும் மாண்டார். இருவர்க்கும் சென்னை மூலகொத்தளத்தில் நினைவிடம் உண்டு. எழும்பூரில் ஓர் அரசு மாளிகையும் அவர்தம் பெயர் தாங்கி நிற்கின்றது. அதனுள் நாளும் புகுவோருள் அப்பெயர்க்குரியார் யாவர் என வினவுவார் மிகச் சிலரே.

கீழப்பழுவூர் சின்னசாமி இம்மண்ணின் பிள்ளை. 25-1-1964 அன்று திருச்சிராப்பள்ளித் தொடர்வண்டி நிலையத்தில் தீக்குளித்தார். அவர்க்கும், 1965-இல் நஞ்சுண்டு மாண்ட விராலிமலைச் சண்முகத்திற்கும் தென்னூரில் நினைவிடம் உண்டு. ஆண்டுதோறும் சனவரி 25-இல் அங்கு மாலைகள் குவிகின்றன, நன்று.

ஆயின் கல்லை அரசு காக்கும். தாளை யார் காப்பார்? போராட்டத் துண்டறிக்கை, சிறையினின்று வந்த மடல், ஊர்வல ஒளிப்படம் ஆகியவை பெருந்தலைவர் மனைகளில் மட்டுமா இருந்தன? உழவர் வீட்டுத் தகரப் பெட்டியிலும் நெசவாளர் பரணிலும் கிடந்தன. ஓட்டைப் பிரித்துத் தளம் போடும் நாளில் அவை எடைக்குப் போகின்றன. பழைய ஒளிப்படத்தில் கொடிபிடித்து நிற்கும் ஒருவரைச் சுட்டி, இவர் யாரெனக் கேட்டால் பேரப்பிள்ளைக்கே தெரிவதில்லை.

1965-இல் கல்லூரியிற் பயின்றோர் இன்று எண்பதை ஒட்டிவிட்டனர். அவர்களிடம் படத்தைக் காட்டுங்கள். யார், எவ்வூர், எந்நாள் எனக் கேட்டுப் பின்புறத்தில் கரிக்கோலால் மெல்ல எழுதுங்கள். பசை தடவி அட்டையில் ஒட்டிவிட வேண்டா. படியெடுத்துப் பிறர்க்குக் கொடுத்து, மூலத்தை ஈரம் படாத பெட்டியில் வையுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்குமுன் பரண்மேல் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.